பத்தில் ஒருத்தி

மார்ச் 4, திங்கள்

குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. "அண்ணி, மோட்டார்!" என்று படியில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டேன். பதில் வரவில்லை, ரேடியோவின் சத்தம்தான் கூடியது. தெருக்குழாயில் பிடித்து இரண்டு குடம் மாடிக்குத் தூக்கினேன். அறுபத்திரண்டு வயதில் நல்ல உடற்பயிற்சிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். மண்டை கொதித்தது.

மார்ச் 5, செவ்வாய்

அண்ணனுக்கு டயாலிசிஸ் நாள். ஐந்து மாதமாக வாரம் மூன்று தடவை போய்வருகிறான். இன்று கிளம்பும்போது வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "முடிவு பண்ணியாச்சு. பொண்ணு கிட்னி குடுக்குறா. அவளுக்கும் பி, எனக்கும் பி. ஒரே ரத்தம்! இதுல வந்து நீ பாடம் எடுக்காதே."

ஒரே ரத்தமாம்.

அவனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் நான்கு தெரு தள்ளி இருக்கிறாள். தையற்கடையில் துணி வெட்டுகிற வேலை, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. இளையவனை வீட்டில் துரை என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் வரமாட்டான், அதனால். அவனுக்கு ஓ குரூப். "தம்பிக்குச் சேராது" என்று அண்ணி தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். ஓ குரூப் யாருக்கும் கொடுக்கலாம் என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம். ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருப்பார்கள். துரைக்கு ஆகஸ்டில் கல்யாணம், அதுதான் சேராதது.

மார்ச் 6, புதன்

கோபத்தில் நேற்று எழுதாமல் விட்டதை இன்று நிதானமாக எழுதுகிறேன். என் பயம் துரையைப் பற்றியது அல்ல.

எங்கள் அம்மாவுக்குக் கட்டைவிரல் நகங்கள் பாதிதான் வளரும். முழங்கால்சில் ஒரு நாணயம் அளவுக்கு இருக்கும். கடைசியில் சிறுநீரகம் போய்த்தான் செத்தாள். அண்ணனுக்கும் அதே நகம், அதே முட்டி, இப்போது அதே சிறுநீரகம். இது மூன்றும் ஒரே மரபணுவின் வேலை. ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியர் மாறினால் மணி அடிக்கிற நேரம், சீருடை, காலை வழிபாடு எல்லாமே மாறுவதில்லையா? அந்த மாதிரி. எல்லாருக்கும் சிறுநீரகம் கெடுவதில்லை. கெடுகிறவர்களுக்குக் கெடுகிறது.

ரத்தவகை வேறு கதை. அது தனி மரபணு. நகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை — பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்பதைத் தவிர. வகுப்பில் நான் துணி காயப்போடும் கயிற்றைச் சொல்வேன். அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு கயிறு. பிள்ளைக்குக் கொடுக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து, எங்கோ ஓரிடத்தில் வெட்டி, துண்டுகளை மாற்றி முடிந்து, ஒரு கயிற்றைத்தான் கொடுக்கிறோம். கயிற்றின் இரண்டு முனையில் காயும் சட்டைகள் எளிதில் பிரிந்துபோகும். தோளோடு தோள் தொங்குகிற சட்டைகள் சேர்ந்தேதான் போகும். மாமியாரும் மருமகளும் ஒரே வண்டியில் ஊருக்குப் போவதில்லையா? ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது என்றா போகிறார்கள்?

எங்கள் குடும்பக் கயிற்றில் கெட்ட நகத்துக்குப் பக்கத்தில் தொங்குவது பி. இருபது வருடத்துக்கு முன் பதினான்கு பேரைக் கேட்டு விசாரித்து ஒரு சார்ட் போட்டேன். பி வாங்கியவர்களுக்கு நகம் வந்தது, ஓ வாங்கியவர்கள் தப்பித்தார்கள். ஆக, "ஒரே ரத்தம்" என்று அண்ணன் எதைக் காட்டிப் பெருமைப்படுகிறானோ, அதுதான் அந்தப் பெண்ணுக்கும் நோய் இருக்கிறது என்பதற்கு அடையாளம். அவள் ரத்தவகை தெரிந்த அன்றே சார்ட்டில் அவள் வட்டத்தை, நோய் உள்ளவள் என்று, கறுப்பாக்கிவிட்டேன்.

கெடப்போகிற சிறுநீரகத்தை எடுத்து, கெட்டுப்போனவனுக்கு வைக்கப்போகிறார்கள். அவளிடம் மிச்சம் இருப்பதும் ஒருநாள் போகும். நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமாம்.

மார்ச் 9, சனி

கீழே போனேன். போயிருக்க வேண்டாம் — இல்லை, போய்த்தான் ஆக வேண்டும். போன விதம்தான் சரியில்லை.

எல்லாரும் இருந்தார்கள். அண்ணன் கட்டிலில். அண்ணி, மகள், மகளின் கணவர், குழந்தை. கயிற்றுக் கணக்கைச் சொன்னேன். முடிப்பதற்குள் அண்ணி ஆரம்பித்தாள்.

"கதவிடுக்குல நசுங்கின நகத்தைப் பாத்துட்டு என் பொண்ணுக்கு வியாதின்னு படம் போட்டவங்கதானே நீங்க!"

"அண்ணி, கதவு ஒரு விரலைத்தான் நசுக்கும். நகத்துக் கோடு ரெண்டு கட்டைவிரல்லயும் இருக்கு."

"ரெண்டு கையையும்தான் வச்சா! நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா? நீங்க அப்போ ஸ்கூல்ல மணி அடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

அண்ணன் சிரித்தான். "விட்டா கதவுக்கும் குரூப் டெஸ்ட் எடுப்பா."

மகள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அத்தை, நான் சரின்னு சொல்லிட்டேன். விட்டுடுங்க."

அங்கேயே விட்டிருக்கலாம். எனக்குத்தான் நாக்கில் சனி. "உனக்கும் போகப்போற கிட்னிடி அது! அப்போ யார் குடுப்பா? உன் பொண்ணா? அவளுக்கும் பிதானே?" என்று கத்திவிட்டேன்.

அவள் கணவர் குழந்தையின் கையை மெதுவாக இழுத்து, விரல் விரலாக நகத்தைப் பார்த்தார். குழந்தை, ஏதோ விளையாட்டு என்று நினைத்து, இன்னொரு கையையும் நீட்டியது.

முப்பத்துநான்கு வருடம் வகுப்பில் குரல் உயர்த்தியதில்லை என்று சொல்லிக்கொள்வேன். வீட்டில் மட்டும் என்ன?

மார்ச் 10, ஞாயிறு

தண்ணீர் இல்லை.

மார்ச் 12, செவ்வாய்

சிறுநீரக டாக்டருக்கு முன்கூட்டியே கடிதம் அனுப்பியிருந்தேன், சார்ட்டின் நகலோடு. இன்று என்னையும் வரச் சொன்னார். சின்ன வயதுப் பெண். அண்ணன் என் பக்கத்து நாற்காலியில் உட்கார மறுத்து நின்றான். நிற்க முடியாமல் பிறகு உட்கார்ந்தான், ஒரு நாற்காலி இடைவெளி விட்டு.

டாக்டர் அவன் கட்டைவிரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கையை நீட்டச் சொன்னார். முழுக்க நீளவில்லை. முட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"அஞ்சு மாசமா இவர் கையை யாருமே பாக்கலையா?" என்று தன் ஆட்களைப் பார்த்துக் கேட்டார். இரத்த அழுத்தத்தால் வந்தது என்றுதான் இதுவரை எழுதியிருந்தார்களாம்.

அப்பாவுக்கும் மகளுக்கும் மரபணுப் பரிசோதனை, அது வரும்வரை தானப் பேச்சு கிடையாது என்று சொல்லிவிட்டார். எனக்கு ஒரு வெற்றிப் புன்னகை வந்திருக்க வேண்டும். அண்ணன் பல்லைக் கடித்தான்.

"உங்க சார்ட் அருமையா இருக்கு டீச்சர். ஆனா இது சார்ட்தான். பத்துல ஒருத்தருக்குப் பிரிஞ்சு வரும்."

எனக்குத் தெரியாததா? இந்த 'ஆனா' எனக்குப் பிடிக்கவில்லை.

குடும்பத்தில் கொடுக்க வேறு யாராவது உண்டா என்று கேட்டார். அண்ணன் "யாரும் இல்ல" என்றான். நான் சும்மா இருந்தேன்.

மார்ச் 17, ஞாயிறு

அண்ணன் படியில் மறித்துக்கொண்டான். இரண்டு படி ஏறியதற்கே மூச்சு வாங்குகிறது. முகம் உப்பியிருக்கிறது. இருந்தும் சண்டைக்குக் குறைவில்லை.

"உனக்கு எல்லாம் நேரா வந்துச்சு. நகம் நேரு, முட்டி நேரு. ஓட்டப்பந்தயத்துல நீ கப்பு வாங்கிட்டு வந்தப்ப, சோம்பேறின்னு அப்பா என்னை எத்தனை அடி அடிச்சாரு, ஞாபகம் இருக்கா? எனக்கு ஓட வரலைன்னு ஒரு நாயும் கண்டுபிடிக்கல. இப்ப வந்து கண்டுபிடிக்கிறா, பெரிய விஞ்ஞானி! என் பொண்ணு எனக்குக் குடுக்கும்போது கண்டுபிடிக்கிறா."

"உன் பொண்ணுக்காகத்தான் சொல்றேன்."

"நான் செத்தா உன் சார்ட்ல கறுப்புக் கட்டத்து மேல ஒரு கோடு. அவ்வளவுதானே?"

ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், செத்தவர்களுக்குக் குறுக்குக்கோடு போடுவதுதான் முறை. அது அவனுக்கு எப்படித் தெரியும்? எப்போதோ எடுத்துப் பார்த்திருக்கிறான்.

மார்ச் 21, வியாழன்

மகள் தெருவில் என்னைப் பார்த்து எதிர்ப்பக்கம் கடந்துபோனாள். குடை அவ்வளவு தாழ்த்திப் பிடிக்க அங்கே வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

ஏப்ரல் 11, வியாழன்

முடிவு வந்துவிட்டது.

அண்ணனுக்கு நான் சொன்ன நோய்தான்.

மகளுக்கு இல்லை.

டாக்டர் என்னைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். "ரெண்டு தடவை பாத்துட்டோம் டீச்சர். பி இருக்கு, இது இல்ல." ஒன்றுக்கொன்று தோள் உரசித் தொங்கும் இரண்டு சட்டைகளுக்கும் நடுவே, சரியாக அந்த இடத்தில், கத்தி விழுந்திருக்கிறது. அவள் கருவாவதற்கு முன்பே பிரிந்தாகிவிட்டது. நான்தான் இத்தனை வருடமாகச் சேர்த்துக் கட்டிவைத்திருந்தேன்.

சார்ட்டை எடுத்து விரித்தேன். பெரிய மாமாவின் இரண்டாவது மகள் — பி, ஆனால் நகம் சுத்தமாக இருந்தது. அப்போது அவள் வட்டத்தில் கேள்விக்குறி போட்டிருந்தேன். பிறகு 'ரத்தப் பரிசோதனை தவறாக இருக்கும்' என்று நானே முடிவுகட்டி, குரூப்பை ரப்பரால் அழித்து ஓ என்று எழுதினேன். ரப்பர் தேய்த்த தடம் இன்னும் தெரிகிறது. இதைப் பரீட்சையில் ஒரு பிள்ளை செய்திருந்தால் சிவப்பு மையில் என்ன எழுதியிருப்பேன்?

பத்தில் ஒருவர் என்று நான்தான் பாடம் நடத்தினேன். அந்தப் பத்தாவது ஆளுக்கு முகம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

கதவில் நசுங்கிய நகம். அண்ணி சொன்னதுதான் சரி. ஐயோ, அண்ணி!

ஏப்ரல் 12, வெள்ளி

மகள் மாடிக்கு வந்தாள், இரண்டு வருடத்துக்குப் பிறகு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பதினாலு வயசுல என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு சொன்னீங்க. 'பயப்படாதே கண்ணு, எல்லாருக்கும் கிட்னி போகாது'ன்னு. அதுக்கு முன்னாடி எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாது அத்தை."

"நான் உன் நல்லதுக்கு—"

"முட்டி வலிச்சா, ஆச்சு, ஆரம்பிச்சிடுச்சும்பேன். ரெண்டாவது குழந்தை வேணாம்னு நான்தான் சொன்னேன். அவர் கேட்டுக் கேட்டு விட்டுட்டாரு. பத்தொன்பது வருஷம்! நேத்து ரிப்போர்ட்டைப் பாத்துட்டு அவர் அழறாரு. சந்தோஷத்துலயா, வேற எதுலயான்னு எனக்குத் தெரியல."

சொம்பில் தண்ணீர் எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"அப்பாவுக்கு ஏன் குடுக்கறேன்னு சொன்னேன் தெரியுமா? பாசம்னா நினைச்சீங்க? எப்படியும் போகப்போறது, வேலை செய்யறப்பவே யாருக்காவது ஆகட்டுமேன்னு. இப்ப போகப்போறதில்லைன்னு ஆயிடுச்சு. இப்ப நான் யோசிக்கணும்."

கதவு வரை போய்த் திரும்பினாள்.

"உங்க குரூப் என்ன அத்தை?"

"ஓ."

"ம்." அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டாள்.

ஏப்ரல் 13, சனி

மார்ச் 4 முதல் எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். துரைக்கு ஓ என்று எழுதியிருக்கிறேன். ஓ யாருக்கும் கொடுக்கலாம் என்றும் எழுதியிருக்கிறேன். அவன் கொடுக்காததற்கு அவனைக் கிண்டலும் செய்திருக்கிறேன். நேற்று முன்தினம் வரை எனக்கு ஓ என்று ஒரு வரி இல்லை; நேற்று அவள் கேட்டதால்தான் வந்தது. டாக்டர் கேட்டபோது சும்மா இருந்தேன் என்பதை மட்டும் எழுதிவிட்டு அடுத்த தேதிக்குப் போயிருக்கிறேன்.

தெரியாமல் இல்லை. முதல் நாளிலிருந்து தெரியும். பிறருக்குப் பாடம் நடத்திக்கொண்டே இருந்தால் நம்மை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

பயமா? பயம்தான். அதோடு இன்னொன்று — அவனுக்கா, என்னிடமிருந்தா என்ற கசப்பு. எழுதிவிட்டேன். அழிக்கமாட்டேன்.

ஏப்ரல் 15, திங்கள்

கீழே பிரளயம். தம்பியும் பரிசோதனை செய்துகொள்ளட்டும், பிறகு பேசலாம் என்று மகள் சொல்லிவிட்டாளாம். துரையின் குரல் முதல் முறையாக மாடிவரை கேட்டது: "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்!" ஒரு தட்டு விழுந்தது. அல்லது எறிந்தார்கள். மகள் சத்தமில்லாமல் வெளியேறிப் போவதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன்.

பிறகு இறங்கினேன்.

"நான் குடுக்குறேன்" என்றேன்.

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வேணாம். இவ குடுத்தா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா."

"சொல்லித்தான் காட்டுவேன். உயிரோட இருந்து கேளு."

"உன் பிச்சை எனக்கு வேணாம்."

"பிச்சைன்னு யார் சொன்னா? உன் பொண்ணுக்குக் குடுக்கவேண்டியது. உன் உடம்புல வைக்கிறாங்க, அவ்வளவுதான்."

ஏப்ரல் 18, வியாழன்

எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் சொல்வதற்கு முன் நானே மரபணுப் பரிசோதனையைக் கேட்டேன். ஓ என்பதால் நான் தப்பித்தேன் என்று இனி எந்த வாயால் சொல்வது? கத்தி அவள் கயிற்றில் விழுந்த மாதிரி என் கயிற்றிலும் விழுந்திருக்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் என் கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்திரண்டு வருடமாகச் சரியாகத்தான் இருக்கின்றன. இன்று எல்லாக் கோடும் சந்தேகமாகத் தெரிகிறது.

முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம். அதற்கே இப்படி இருக்கிறது. அவளுக்குப் பத்தொன்பது வருடம்.

ஏப்ரல் 29, திங்கள்

நண்பகலில் அண்ணன் குளியலறையில் விழுந்துவிட்டான். நானும் அண்ணியும் சேர்ந்து தூக்கினோம். நனைந்த உடம்பு, பாதி எடைதான் இருக்கிறது. அண்ணி என் கையைப் பிடித்தபடி நின்றாள், பிறகு பிடித்திருப்பது தெரிந்ததும் விட்டாள்.

"அந்தக் கதவு விஷயம்" என்றேன். "நீங்க சொன்னதுதான் சரி."

"இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றாள். உண்மைதான்.

மே 9, வியாழன்

எனக்கு இல்லை. சர்க்கரையும் இல்லை. இரத்த அழுத்தம் எல்லையில் இருக்கிறது, வயதுக்கு அது சகஜம்தான், சமாளிக்கலாம் என்கிறார் டாக்டர். சார்ட்டில் பெரிய மாமாவின் மகளுக்கு பியைத் திரும்ப எழுதினேன். அவள் வீட்டு எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். ஐம்பது வயது, நல்ல திடம். "எனக்கு ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியுமே, எதுக்குப் போன் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

ஜூன் 19, புதன்

நாளை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை. கையெழுத்து மட்டும் போட்டான்.

ஜூன் 27, வியாழன்

இன்று எனக்கு டிஸ்சார்ஜ். கிளம்பும் முன் அண்ணனை அறை வாசலில் நின்று பார்க்கலாம் என்றார்கள், முகமூடியோடு. கால் வீக்கம் வடிந்திருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் சிறுநீர்ப் பை முக்கால்வாசி நிறைந்து தொங்கியது. எத்தனை மாதத்துக்குப் பிறகு!

"நல்லா வருதாமே?" என்றேன்.

"வருது. நிறுத்தவே தெரியல. உன் பேச்சு மாதிரி."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரித்ததில் தையல் சுள்ளென்று இழுத்தது. "வலிக்குதா?" என்று கேட்டான். வலிக்கிறது என்றேன். "நல்லா வலிக்கட்டும்" என்றான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

என்னை அழைத்துப்போக மகள்தான் வந்திருந்தாள். எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவள் சிரிக்கவில்லை. நான் எவ்வளவு எடை தூக்கலாம், எத்தனை நாள் படி ஏறக்கூடாது என்று நர்ஸிடம் இரண்டு கேள்வி கேட்டாள். என் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அந்த நடைபாதை நீளம்.

"கொஞ்சம் மெதுவா போம்மா" என்றேன்.

நடையைக் குறைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.